சூரங்கரிசலில் சோறு சுமந்தவர்கள்

சூரங்கரிசலில் வெடிவிபத்தில் செத்தவர்கள் எட்டுப் பேர். இரண்டரை வருஷம் கழித்து, ஓர் ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு, ஊர் வயசாளிகளுக்கு மத்தியானச் சோறு சுமக்கும் வேலைக்கு அவர்களில் ஏழு பேர் வந்து சேர்ந்தார்கள். ஏழு பேர் வந்ததைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. எட்டாவது ஆள் ஏன் வரவில்லை என்பதுதான் பேச்சாக இருந்தது. அதையும் ஜெயக்கொடி சிஸ்டர் காதில் விழாதபடிதான் பேசினார்கள்.

சூரங்கரிசல் தாயில்பட்டிக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். காலை ஆறரை மணிக்குக் கம்பெனி வேன்கள் வந்து, கை கால் நன்றாக இருக்கிற அத்தனை பேரையும் பட்டாசு ஆலைகளுக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் ஊரில் மிஞ்சுவது நாய்களும் கோழிகளும் எழுபது தாண்டிய கிழடுகளும்தான். வேனைப் பிடிக்கிற அவசரத்தில் மகளோ மருமகளோ ஒரு சட்டியில் எதையாவது மூடி வைத்துவிட்டுப் போவார்கள். கரிசல்காட்டு வெக்கையில் அது பத்து மணிக்கெல்லாம் ஊசிப்போகும். ஊசினதைத் தின்பவர்களும் உண்டு, தின்னாமல் சுருண்டு கிடப்பவர்களும் உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பத்துநாலு வருஷம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஜெயக்கொடி, இந்த ஊர் வயசாளிகள் சீக்கில் சாவதைவிட மத்தியானத்தில் சாவதுதான் அதிகம் என்று கண்டுகொண்டார். சிவகாசியில் காலண்டர் அச்சகம் வைத்திருக்கும் கனகசபாபதி முதலாளியிடம் போய்ப் பேசினார். அரிசி, பருப்பு, எண்ணெய், புதன்கிழமைக்கு முட்டை எல்லாம் தன் பொறுப்பு என்றார் அவர். பூட்டிக் கிடந்த தீப்பெட்டிக் கொட்டகை சமையற்கட்டானது. சாத்தூரிலிருந்து அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த அழகுமீனா சமைக்கச் சேர்ந்தாள். முப்பத்தோரு வயசாளிகளின் பேர் பதிவாயிற்று. எல்லாம் கூடி வந்தது, சோற்றைத் தூக்கிக்கொண்டு போக ஆளைத் தவிர.

ஆள் வராமல் இல்லை. வந்த ஆள் நிற்கவில்லை. தை மாதத்தில் தொடங்கியபோது பதினாலு பேர் இருந்தார்கள். சுயஉதவிக் குழுப் பெண்கள், சும்மா இருந்த சில இளவட்டங்கள், சாத்தூர்க் கல்லூரியிலிருந்து பிரீத்திகா என்கிற பெண்ணும் அவள் தோழிகளும். ஜெயக்கொடி ஆஸ்பத்திரி வார்டை நடத்திய கையோடு இவர்களுக்கும் இரண்டு சட்டம் போட்டார். சொந்த வீட்டுக்கு அந்த வீட்டு ஆளே சோறு கொண்டுபோகக் கூடாது. முதல் புதன்கிழமையே ஓர் இளவட்டம் தன் அப்பனுக்கு மூன்று முட்டை கொண்டுபோய், இரண்டு வீட்டுக்கு முட்டையில்லாமல் போனதால் வந்த சட்டம் இது. அடுத்தது, சோற்றை வைத்த கையோடு திரும்பக் கூடாது, சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காராவிட்டால் கிழடுகள் பாதியைப் பேரப்பிள்ளைக்கென்று ஒளித்து வைத்துவிடும். இந்த இரண்டாவது சட்டத்தில்தான் ஆட்கள் கழன்றார்கள். சோறு கொண்டுபோவது பத்து நிமிஷ வேலை. பல்லில்லாத வாய் அதை மென்று முடிக்கிறதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு மணி நேர வேலை, அதுவும் அந்த வாய் முப்பது வருஷத்துக்கு முந்தி நடந்த ஒரே ஒரு சண்டையைத் தினமும் சொல்லிக்கொண்டே மெல்லும். பிரீத்திகாவும் தோழிகளும் சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள் வரவில்லை. ஆட்களைத் தக்கவைக்கக் கனகசபாபதி மஞ்சள் பனியன் அடித்துக் கொடுத்தார். அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டே வேனில் ஏறிப் போனார்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஆலைகளில் பூஜை போட்டு, சீசன் சூடு பிடித்ததும், மிச்சமிருந்த மூன்று பேரும் போய்விட்டார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. இந்தப் பக்கம் சீசனில் வேலைக்குப் போகாமல் இருக்கிறவனை ஒன்று சீக்காளி என்பார்கள், இல்லை கிறுக்கன் என்பார்கள்.

ஜெயக்கொடியும் அழகுமீனாவும் ஒரு பழைய மொபெட்டில் முப்பத்தோரு வீட்டுக்கும் சோறு கொண்டுபோனார்கள். கடைசி வீட்டுக்குப் போகும்போது மூன்றரை ஆகிவிடும். ஒரு நாள் காலை ஜெயக்கொடி அழகுமீனாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வீட்டுக்கு ஒரு பேர் எழுதி வாங்கி வரச் சொன்னார். பேர் கொடுத்த வீடு முறை வைத்து ஓர் ஆளை அனுப்ப வேண்டும், இதுதான் ஏற்பாடு. அழகுமீனா போன நேரத்தில் வீடுகளில் கிழடுகள்தான் இருந்தன. பேர் கேட்டதற்கு அவர்கள் எழுந்து உள்ளே போய் ரேஷன் கார்டை எடுத்து வந்து நீட்டினார்கள். பார்த்து எழுதிக்கோ தாயி என்றார்கள். அழகுமீனா ஊருக்குப் புதுசு. கார்டில் இருந்த பேர்களில் சோறு சுமக்கிற வயசுள்ளதாக ஒன்றைப் பார்த்து, எந்த வீடு என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டாள். இருபத்தாறு பேர் தேறினார்கள். அதில் ஏழு பேர் செத்தவர்கள் என்பது அவளுக்குத் தெரியாது. செத்தவர்களின் பேரைக் கார்டிலிருந்து எடுக்காமல் விட்டிருந்த வீடுகள் அவை.

பேர் எடுக்காததற்கு அரிசிதான் காரணம் என்று ஜெயக்கொடி வெகுகாலம் நினைத்திருந்தார். விபத்து நடந்த வருஷமே ரேஷன் கடை வாசலில் வைத்துப் பத்திரகாளியை அவர் சத்தம் போட்டிருக்கிறார். பத்திரகாளி நாற்பது வருஷம் பட்டாசு ஆலைகளில் சரம் பின்னி, முதுகு வளைந்து, தனியாளாக நின்றவள். ஒரே மகன் மாரிசாமி அந்த எட்டுப் பேரில் ஒருவன். செத்த பிள்ளை பேரில் அரிசி வாங்கித் தின்ன மனசு வருகிறதா என்று ஜெயக்கொடி கேட்டார். "அரிசிக்காவா வச்சிருக்கேன் சிஸ்டரு," என்றாள் பத்திரகாளி. "அவன் பேரு இருக்கதுக்கு வேற எடம் இல்ல. அங்கனயாவது இருந்துட்டுப் போகட்டுமேன்னுதான்." ஜெயக்கொடிக்கு அது நொண்டிச் சாக்காகத்தான் பட்டது. ஏனென்றால் எட்டாவது ஆள் அவருடைய மகள் ரீனா. வாத்தியாராக இருந்த கணவர் ஞானசீலன் முன்பே போய்விட்டார், மிச்சமிருந்தது ரீனா ஒருத்திதான். பி.எட். சேர்வதற்கு ஆறு வாரம் இருந்தது, வீட்டில் சும்மா இருப்பதற்கு ஆலையில் லேபிள் ஒட்டிவிட்டு வருகிறேன் என்றாள், போயிட்டு வா என்று சொல்லி அனுப்பியவர் ஜெயக்கொடி. ஆஸ்பத்திரியில் எட்டுப் பேரையும் அடையாளம் காட்டியவரும் அவரே, கடைசியாகத் தன் மகளை. பதினோராம் நாள் தாலுகா ஆபீசுக்குப் போய், முறைப்படி மனு எழுதி, என் மகள் இல்லை என்று கையெழுத்துப் போட்டு, ரீனாவின் பேரைக் கார்டிலிருந்து எடுத்துவிட்டு வந்தார். ஆயுசு முழுக்க அடுத்தவர்களுக்குச் சாவுப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர், தன் வீட்டுக்கு மட்டும் எப்படித் தாமதிப்பார்?

அந்தத் திங்கட்கிழமை கொட்டகை வாசலில் நின்று நோட்டைப் பிரித்து ஜெயக்கொடி பேர் கூப்பிட்டார். யாரும் வரவில்லை என்பது கண்ணுக்கே தெரிந்தது, ஆனாலும் கூப்பிட்டுவிட்டு வரவில்லை என்று குறித்துக்கொள்வது அவர் பழக்கம். ஆறு பேருக்குக் குறித்தாயிற்று. ஏழாவதாக, "பத்திரகாளி வீட்டு மாரிசாமி" என்று வாய் கூப்பிட்டுவிட்டது, புத்தி அதற்குப் பின்னால்தான் வந்தது. "இருக்கேன்," என்று வேப்பமரத்துப் பக்கமிருந்து பதில் வந்தது. மாரிசாமி நின்றுகொண்டிருந்தான். விபத்தன்று காலை வேனேறிய அதே கட்டம் போட்ட சட்டை. வெறுங்கால். முழங்கைவரை அலுமினியப் பொடி வெள்ளியாகப் படிந்திருந்தது. இரண்டரை வருஷத்துக்கு முந்தி இவனை ஜெயக்கொடி அடையாளம் காட்டியது இடதுகால் சுண்டுவிரல் கோணலை வைத்து. இப்போதும் முதலில் அதைத்தான் பார்த்தார். கோணல் சரியாக இருந்தது. நேரம் பதினொன்று முப்பத்தைந்து, முப்பத்தோரு பேர் பசியோடு இருந்தார்கள். மீதிப் பேர்களையும் வாசித்து முடித்தார். இருபத்தாறில் ஏழு பேர் இருக்கேன் என்றார்கள். உயிரோடு இருந்த பத்தொன்பது பேரில் ஒருவரும் வரவில்லை.

வந்த ஏழு பேரும் கொட்டகைக்குள் நுழையாமல் வாசலில் வரிசையாக நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டார்கள். ஜெயக்கொடிக்குப் புரியவில்லை. அழகுமீனா ஓடிப்போய், கொட்டகைக்கு இரண்டாம் வீட்டுப் பத்திரகாளியிடம் கேட்டு வந்தாள். ஆலைக் கதவில் தீப்பெட்டி, பீடி, செல்போன் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தானே உள்ளே விடுவார்கள், சோதனை போடாமல் எப்படி உள்ளே வருவார்கள் என்று பத்திரகாளி திருப்பிக் கேட்டாளாம். ஜெயக்கொடி ஒவ்வொருவராகத் தோளிலிருந்து இடுப்புவரை தடவிப் பார்த்தார். மண்பானையைத் தொட்டது மாதிரி குளிர்ச்சியாக இருந்தது, கையெல்லாம் பொடி ஒட்டியது. அதற்குப் பிறகும் அடுப்பு எரிகிறவரைக்கும் அவர்கள் படி தாண்டவில்லை. அழகுமீனா தண்ணீர் தெளித்துத் தணலை அவித்த பிறகே வந்தார்கள். எவர்சில்வர் தூக்குச்சட்டிகளை யாரும் தொடவில்லை. வெடிமருந்து இருக்கிற இடத்துக்கு இரும்புச் சாமான் ஆகாது என்கிற பயம் அவர்களுக்கு இன்னும் போகவில்லை. அன்றைக்குச் சோற்றை வாழையிலையில் கட்டிக் கொடுத்தார்கள். மறுவாரம் கனகசபாபதி பிளாஸ்டிக் டப்பாக்கள் அனுப்பினார். தொண்டர்களைத் தக்கவைக்க என்ன வேண்டும் என்று எட்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்ட ஜெயக்கொடிக்கு, கடைசியில் இந்த மூன்றுதான் வேண்டியிருந்தது.

செத்தவர்கள் நல்ல வேலைக்காரர்கள். ஒருநாள் பிந்தியதில்லை, சீசன் என்று லீவு போட்டதில்லை, தீபாவளிக்கு மறுநாள்கூட வந்தார்கள். சுடுகிற கரிசல் மண்ணில் வெறுங்காலோடு போவார்கள், டப்பாவில் சோறு ஆறுவதில்லை. சொந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்கிற சட்டத்தை அவர்களுக்கும் ஜெயக்கொடி தளர்த்தவில்லை. மாரிசாமி கீழத்தெருவுக்குப் போனான், கீழத்தெரு தனுஷ்கோடி பத்திரகாளிக்குக் கொண்டுவந்தான். பெற்றவர்கள் பன்னிரண்டு மணிக்கு வாசலில் நின்று, தங்கள் பிள்ளை அடுத்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, அடுத்தவர் பிள்ளை கொண்டுவந்ததைச் சாப்பிட்டார்கள். எதிரே உட்கார்ந்திருப்பதில் அவர்களுக்குச் சலிப்பே இல்லை. பார்வை மங்கிய சங்கிலிமுத்து தன் பழைய ஓடைத் தகராறைத் தினமும் முதலிலிருந்து சொன்னார், எதிரே இருந்தவன் தினமும் முழுசாகக் கேட்டான். இத்தனை வருஷத்தில் தன் கதையை முழுசாகக் கேட்டவன் இவன் ஒருத்தன்தான் என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்டவன் செத்தவன் என்று அவரிடம் யாரோ சொன்னதற்கு, உயிரோடு இருந்தவர்கள் என்ன கிழித்தார்கள் என்று கேட்டார். ஊர்க் கிழடுகளின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. குழந்தைகள் மட்டும் அவர்கள் போகிற நேரத்தில் தெருவில் விளையாடாமல் ஓரமாக நின்றன. அவர்கள் கடந்துபோன பிறகு ஒரு கந்தக வாடை தெருவில் தங்கி நிற்கும், வாலைச் சுருட்டிய நாய்கள் வெகுநேரம் எழுந்திருக்காது.

கனகசபாபதி ஆண்டு விழாவுக்கு வந்தார். ஏழு பேருக்கும் தன் கையாலேயே சால்வை போட்டார். "சீசன்லயும் லீவு போடாத ஆளுகளா? எங்கனம்மா புடிச்சீக?" என்று கேட்டார். ஜெயக்கொடி உள்ளூர் ஆட்கள்தான் என்றார். முதலாளி தன் விரல்களில் ஒட்டியிருந்த வெள்ளிப் பொடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் முப்பது வருஷம் பட்டாசு லேபிள் அடித்தவர். "நம்ம அச்சகத்துக்கும் இப்படி ஆளு கெடச்சா நல்லாத்தான் இருக்கும். வேண்டாம், வேண்டாம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காரில் ஏறினார்.

இத்தனையிலும் ஜெயக்கொடி ஒரு நாளும் நிம்மதியாக இருக்கவில்லை. பேர் கூப்பிட்டு முடித்த பிறகும் நோட்டை மூடாமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஊரார் பிள்ளைகளெல்லாம் வந்து நிற்க, தன் பிள்ளை வரவில்லை என்கிற பொறாமை அவருக்கு இருந்தது. கர்த்தரிடம் அதை அறிக்கையிட்டும் அது போகவில்லை. மூன்றாம் மாதம் ஒரு நாள், கடைசியில் தானே ஒரு வரி எழுதிச் சேர்த்து, "ஜெயக்கொடி வீட்டு ரீனா" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. மூன்று தடவை கூப்பிட்டார். ஏழு பேரும்கூடத் திரும்பி மரத்தடியைப் பார்த்தார்கள். சோதனை போடும்போது மாரிசாமியின் காதருகே குனிந்து மெல்லக் கேட்டார். "எலே, ரீனா அங்கன ஒங்ககூட இருக்காளா?"

"இருக்கா சிஸ்டரு."

"பின்ன ஏன்லே வரமாட்டேங்கா?"

மாரிசாமி தூக்கிய கையை இறக்காமலே யோசித்தான். "வீடு எதுன்னு கேக்கா. ஒங்க வீடுன்னு சொன்னோம். அங்கன எம் பேரு இல்லன்னு சொல்லுதா."

ஜெயக்கொடி அன்றைக்கும் முப்பத்தோரு டப்பாவையும் எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். போய், கார்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதில் அவர் பேர் ஒன்றுதான் இருந்தது. எடுத்த பேரைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று தாலுகா ஆபீசில் போய் விசாரித்தார். ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. இரண்டு வருஷம் அப்படியே போயிற்று.

மூன்றாம் வருஷம் புரட்டாசியில், கார்டில் பேர் உள்ள ஒவ்வொருவரும் ரேஷன் கடைக்கு வந்து கைரேகை வைக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. கைரேகை வைக்க ஆள் வராத பேர்களுக்கு, குடும்பத் தலைவர் வந்து ஆள் இல்லை என்று பெருவிரல் வைத்துக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் நல்ல மனுஷன், ஏழு வீட்டுக்கும் இரண்டு தடவை தவணை கொடுத்தார். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஏழு வீட்டுக் கிழடுகளும் போய் வரிசையில் நின்று பெருவிரல் வைத்தார்கள். பத்திரகாளியின் ரேகை சரம் பின்னிப் பின்னித் தேய்ந்து போயிருந்ததால் மெஷின் எடுக்கவில்லை. விரலைத் துடைத்துத் துடைத்து, நாலு தடவை அவள் தன் மகன் இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

புதன்கிழமை பதினொன்றரைக்கு ஜெயக்கொடி பேர் கூப்பிட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை. அழகுமீனா அவித்து வைத்த அடுப்பைத் திரும்பப் பார்த்தாள். முப்பத்தோரு டப்பாவும் முப்பத்தோரு முட்டையும் வரிசையாக இருந்தன. பழையபடி மொபெட்டை எடுத்தார்கள். ஜெயக்கொடிக்கு இப்போது அறுபத்துமூன்று வயசு, முழங்கால் வீங்கியிருந்தது. சீசன் உச்சத்தில் இருந்ததால் பகலில் ஊரில் ஈ காக்கை இல்லை. ராத்திரி வேன்கள் திரும்பிய பிறகு வீட்டுக்கு வீடு போய்க் கெஞ்சிப் பார்த்தார். தீபாவளி முடியட்டும் சிஸ்டர் என்றார்கள். ஒன்பதாம் நாள் சங்கிலிமுத்து வீட்டுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மூன்றே முக்கால். கிழவர் கதவைத் திறந்து வைத்து, வாசலுக்கு நேராகச் சப்பணமிட்டு உட்கார்ந்து, கை கழுவச் சொம்பில் தண்ணீரும் எடுத்து வைத்து, அப்படியே செத்திருந்தார். ஜெயக்கொடி நாடி பார்த்தார். பிறகு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது வாய்விட்டு அழுதார். கனகசபாபதிக்குக் கடிதம் எழுதினார். இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம், சமைக்க முடிகிறது, கொண்டுபோக ஆள் இல்லை, என்னால் இன்னொருவரை இப்படிப் பார்க்க முடியாது என்று எழுதி, உறையில் போட்டு, மறுநாள் மினி பஸ்ஸில் கொடுத்துவிடக் கொட்டகை மேசைமேல் வைத்தார்.

மறுநாள் காலை அவர் கொட்டகையைத் திறக்கும்போது பத்திரகாளி வாசலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வீட்டிலிருந்து அங்கே நடந்து வர அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"என்னக்கா, இம்புட்டுத் தூரம்? சோறு நாங்க கொண்டாருவோம்ல."

"சோத்துக்கு வரல சிஸ்டரு." மூச்சு வாங்கியது. "எம் பிள்ளையை இல்லன்னு நானே விரலை வச்சுட்டு வந்துட்டேன். இனி நான் கூப்பிட்டா எந்த வீடுன்னு வருவான்?"

"நானுந்தான் சொல்லிட்டு வந்தேன்," என்றார் ஜெயக்கொடி. அவர் அதை வாய்திறந்து சொல்வது அதுதான் முதல் தடவை. "கையெழுத்துப் போட்டே சொல்லிட்டு வந்தேன். ஒங்களையும் அன்னைக்குக் கடையில வச்சுப் பேசிட்டேன்."

"அதை விடுங்க. நீங்க ஒங்க மகளை இல்லன்னீக. நான் எம் மகனை இல்லன்னேன். நீங்க எம் மகனை இல்லன்னு சொன்னீகளா?"

"இல்லக்கா."

"நானும் ஒங்க ரீனாவை இல்லன்னு சொல்லலயே." பத்திரகாளி கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "எம் பிள்ளையை ஒங்க வீட்ல எழுதுங்க. ஒங்க பிள்ளையை எங்க வீட்ல எழுதுங்க. வேதக்கார வீட்ல எம் மகன் இருந்தா என்ன, ஆகாதுன்னு அங்கன யாரு வந்து கேக்கப் போறா?"

ஜெயக்கொடி உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து, புதுப் பக்கத்தில் கோடு போட்டார். அழகுமீனா மற்ற ஆறு வீட்டுக்கும் போய், யார் யாரை யார் வீட்டில் எழுதுவது என்று கேட்டு வந்தாள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கீழத்தெருக் கிழவி ஒருத்தி மட்டும், தன் மகனுக்குத் தூக்கத்தில் உளறுகிற பழக்கம் உண்டு, எழுதிக்கொள்கிற வீட்டார் பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

பதினொன்றரைக்கு அடுப்பை அவித்துவிட்டு ஜெயக்கொடி பேர் கூப்பிட்டார். "ஜெயக்கொடி வீட்டு மாரிசாமி." இருக்கேன் என்று வேப்பமரத்தடியிலிருந்து சத்தம் வந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த பத்திரகாளி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராக இருக்கேன் என்றார்கள். எட்டாவது வரிக்கு வந்ததும் ஜெயக்கொடிக்கு எழுத்து மங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "பத்திரகாளி வீட்டு ரீனா."

"இருக்கேன்."

மஞ்சள் சுடிதார். ஒரு விரலில் லேபிள் ஒட்டும் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. வரிசையில் கடைசியாக வந்து நின்று, மற்றவர்களைப் பார்த்துத் தானும் கையைத் தூக்கிக்கொண்டாள். ஜெயக்கொடி ஏழு பேருக்கும் சோதனை போட்டு முடித்துவிட்டு மகளிடம் வந்தார். தோளைத் தடவினார், முதுகைத் தடவினார், இரண்டு கையையும் விரல் நுனிவரை தடவினார். திரும்பவும் தோளுக்கு வந்தார். அன்றைக்குச் சோதனை முடிய வெகுநேரம் ஆயிற்று. ஏழு பேரும் தூக்கிய கையை இறக்காமலே பொறுமையாக நின்றார்கள்.

"லேட்டாயிருச்சாம்மா?" என்று கேட்டாள் ரீனா. விபத்தன்று அவள் அஞ்சு மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"இல்லம்மா," என்றார் ஜெயக்கொடி. "சோறு இப்பத்தான் எறக்குனது."

கனகசபாபதிக்கு எழுதிய கடிதத்தை அழகுமீனா அடுத்த நாள் அடுப்பு மூட்ட எடுத்துக்கொண்டாள். இப்போது எட்டுப் பேரோடு ஒன்பதாவதாகச் சங்கிலிமுத்துவும் சுமக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர் பேரைத் தங்கள் வீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கிறார். சாப்பிடுகிறவர் சாப்பிட்டு முடித்த பிறகும் தன் ஓடைத் தகராறைச் சொல்லி முடிக்காமல் எழுந்திருப்பதில்லை. அதனால் அவரை இரண்டு வீட்டுக்கு மேல் அனுப்புவதில்லை. சட்டங்கள் இரண்டும் அப்படியே இருக்கின்றன, ஜெயக்கொடி யாருக்காகவும் அவற்றை மாற்றவில்லை. மாற்ற வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. மாரிசாமி ஜெயக்கொடி வீட்டு ஆள், அவன் பத்திரகாளிக்குச் சோறு கொண்டுபோகலாம், அதில் சட்டப்படி தப்பில்லை. ஏழு வீட்டுப் பெற்றவர்களும், ரீனா வந்த அன்று மத்தியானமே, தங்கள் பிள்ளை கொண்டுவந்த சோற்றைத் தங்கள் பிள்ளையின் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஜெயக்கொடி எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கொட்டகையைப் பூட்டுவதற்குச் சாவியைத் தேடியபோது, அழகுமீனா நோட்டைப் பிரித்துக் காட்டினாள். வயசாளிகள் பட்டியலில் சங்கிலிமுத்துவின் இடம் காலியாக இருந்தது. அதற்கு நேராக அவள் ஜெயக்கொடி என்று எழுதியிருந்தாள். அறுபது தாண்டிய, தனியாக இருக்கிற, மத்தியானம் சமைக்காத ஆள். எந்த விதத்தில் பார்த்தாலும் தகுதி இருந்தது. கொண்டுபோக வேண்டியவர் பேருக்கு நேராக, பத்திரகாளி வீட்டு ரீனா என்று இருந்தது.

அதனால் பன்னிரண்டு மணிக்கு ஜெயக்கொடியும் மற்ற முப்பது பேரைப் போலவே வீட்டில் கதவைத் திறந்து வைத்து, கை கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கந்தக வாடை முதலில் வரும், பிறகு வெறுங்கால் சத்தம் வரும். சோற்றை வைத்துவிட்டு, சட்டப்படி, சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் ரீனா எதிரே உட்கார்ந்திருப்பாள். சூரங்கரிசலில் பல்லில்லாதவர்கள் இருபது பேர் இருக்கிறார்கள், கை நடுக்கம் உள்ளவர்கள் ஆறு பேர். பல்லும் கையும் நன்றாக இருந்தும், ஊரிலேயே மிக மெதுவாகச் சாப்பிடுகிறவர் ஜெயக்கொடி சிஸ்டர்தான். அவர் முடிக்க நாலு மணி ஆகிறது.